பாட்டி மோதிரத்துச் சிவப்புக் கல்

பழைய மோதிரத்தை விற்கவோ மாற்றவோ நகைக்கடைக்குக் கொண்டுபோன எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு. தராசில் வைக்கும் முன்பே கடைக்காரர் சொல்லிவிடுவார்: "கல்லைக் கழிச்சுத்தாம்மா எடை போடுவோம்." தங்கத்துக்கு மில்லிகிராம் சுத்தமாகக் கணக்கு வரும். வீட்டில் தலைமுறை தலைமுறையாக "பர்மா கெம்பு" என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த சிவப்புக் கல்லுக்கு ஒரு வெள்ளிகூட வராது. கல்லைக் கழற்றி, சின்னக் காகிதத்தில் மடித்து, கையில் கொடுத்துவிடுவார்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் மனசு கேட்கும். மோதிரம் பழையது, அதில் சந்தேகமே இல்லை. எண்பது தொண்ணூறு வருஷத்துப் பொருளில் இருக்கும் கல் எப்படிச் செயற்கையாக இருக்கும்? அந்தக் காலத்தில் தொழிற்சாலைக் கல் ஏது?

இருந்தது. பாரிஸில் ஒரு வேதியியல் பேராசிரியர் மாணிக்கம் செய்யும் உலையைப் பற்றி 1902-இலேயே அறிவித்துவிட்டார். நம் பாட்டிகளில் பலர் பிறப்பதற்கு முந்தைய சங்கதி அது. மோதிரத்தின் பழமையை வைத்துக் கல்லின் பிறப்பைச் சொல்ல முடியாமல் போனது பெரும்பாலும் அன்றிலிருந்துதான். ஆனால் கல் தன் பிறப்பைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. அதை எப்படிப் படிப்பது என்று ஒரே ஒரு மோதிரத்தை வைத்துப் பார்த்துவிடுவோம்.

மோதிரம்

சிங்கப்பூரின் பொங்கோலில் ஒரு வீவக அடுக்குமாடி வீட்டு அலமாரியில் அந்த மோதிரம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருகாலத்தில் கம்பங்களும் பண்ணைகளுமாக இருந்த இடம் பொங்கோல். 1996-இல் 'பொங்கோல் 21' திட்டம் வந்த பிறகுதான் அடுக்குமாடிகள் எழுந்தன. வீடுகள் புதியவை என்றாலும் அலமாரிக்குள் இருப்பவற்றுக்கு வயது அதிகம். தேக்காவிலும் தஞ்சோங் பகார் துறைமுகக் குடியிருப்பிலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் வாழ்ந்து, வீடு மாறி மாறி இங்கே வந்து சேர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியபோது முந்தானையில் முடிந்துகொண்டு வந்த நகைகள் அவர்களோடு வீடு வீடாக மாறியிருக்கின்றன.

நம் மோதிரம் 22 காரட். வளையத்தின் உள்பக்கம் தேய்ந்து மெலிந்திருக்கிறது. நடுவில் முட்டை வடிவச் சிவப்புக் கல், நீளம் 7 மில்லிமீட்டர், அகலம் 5 மில்லிமீட்டர். கல்லின் அடிப்பக்கம் மூடப்படாமல் திறந்திருக்கிறது. ராசிக்கல் என்றால் விரலைத் தொட வேண்டும் என்று அப்படிக் கட்டுவது வழக்கம். சோதனைக்கு இது நல்ல வசதி. பழைய கோயில் நகைகளிலும் அட்டிகைகளிலும் கல்லுக்கு அடியில் பளபளப்பான மெல்லிய தகடு வைத்து, பின்பக்கத்தை அரக்கும் தங்கமுமாக மூடிவிடுவார்கள். அங்கே நாம் பார்ப்பது கல்லின் நிறமா, தகட்டின் நிறமா என்பதே தெரியாது. திறந்த கட்டில் ஒளி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரும்.

ரங்கூனில் கடை வைத்திருந்த பெரிய தாத்தா வாங்கியது என்று வீட்டில் சொல்கிறார்கள். நம்பத்தக்க கதைதான். 1942-இல் ஜப்பானியப் படை வரும்வரை பர்மாவில் செட்டியார் கடைகள் ஊருக்கு ஊர் இருந்தன. உலகின் பேர்பெற்ற மாணிக்கச் சுரங்கமான மொகோக்கும் அந்த நாட்டில்தான் இருக்கிறது.

சிவப்பு எங்கிருந்து வருகிறது

மாணிக்கம் என்பது குருந்தம் என்ற கனிமம். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம், அவ்வளவுதான். சுத்தமான குருந்தத்துக்கு நிறமே கிடையாது. படிகம் வளரும்போது அலுமினிய அணுக்களில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில், பெரும்பாலும் அதற்கும் குறைவாக, குரோமிய அணுக்கள் இடம்பிடித்துக்கொண்டால் கல் சிவக்கிறது. குரோமியத்துக்குப் பதில் இரும்பும் டைட்டேனியமும் புகுந்தால் அதே குருந்தம் நீலக்கல். மாணிக்கமும் நீலமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று பலருக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

குரோமியம் செய்யும் வேலை இரண்டு. வெளிச்சத்திலுள்ள பச்சையையும் ஊதாவையும் விழுங்கிக்கொண்டு சிவப்பை வெளியே விடுகிறது. அதோடு நிற்காமல், விழுங்கிய ஒளியின் ஒரு பகுதியைச் சிவப்பு ஒளியாகவே திரும்ப உமிழ்கிறது. நல்ல மாணிக்கத்தை வெயிலில் காட்டினால் உள்ளே கங்கு கனல்வதுபோல் தெரிவது இதனால்தான். 1960-இல் தியோடர் மைமான் உலகின் முதல் லேசரை உருவாக்கியபோது இந்த உமிழ்வைத்தான் பயன்படுத்திக்கொண்டார். அவர் வைத்திருந்தது ஒரு செயற்கை மாணிக்கத் தண்டு.

சிவப்பாக இருப்பதெல்லாம் குருந்தம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்பினெல் என்ற வேறொரு கனிமம் மொகோக்கிலேயே, மாணிக்கம் கிடைக்கும் அதே சரளை மண்ணில் கிடைக்கிறது. அதையும் சிவக்க வைப்பது குரோமியம்தான். பிரிட்டிஷ் மணிமுடியின் முகப்பில் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்ற பெயரோடு உட்கார்ந்திருப்பது உண்மையில் ஒரு ஸ்பினெல். 1783-இல் ரொமே த லீல் என்ற பிரெஞ்சு அறிஞர் இரண்டையும் தனித்தனிக் கனிமங்கள் என்று பிரித்துக் காட்டும்வரை அரசர்களின் கருவூலங்களில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிகள் விற்கும் வீதியை வருணிக்கும்போது செம்மணிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறது, மணிகளுக்கு உள்ள குற்றங்களையும் பேசுகிறது. கல்லைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

ஸ்பினெல் போக, சிவப்பு கார்னெட், கண்ணாடி, இரண்டையும் ஒட்டிச் செய்த கல் என்று இன்னும் உண்டு.

வீட்டிலேயே கழிக்கக்கூடியவை

மோதிரத்தை எடுத்துக்கொண்டு தேக்காவுக்கு ரயில் ஏறுவதற்கு முன் வீட்டிலேயே சிலவற்றைக் கழித்துவிடலாம். கையில் பத்து மடங்கு பெருக்கும் லூப் ஒன்று இருந்தால் போதும். விலை அதிகமில்லை.

முதலில் பட்டைகளின் விளிம்பைப் பாருங்கள். நம் வீட்டுத் தூசியில் மணல் துகள் இருக்கிறது. மணலின் கடினம், கனிமங்களுக்கான பத்துப் படி அளவையில் 7. கண்ணாடி அதற்குக் கீழே. கார்னெட் ஏறக்குறைய அதே இடத்தில். குருந்தம் 9, அதற்கு மேலே இருப்பது வைரம் மட்டுமே. எனவே பல ஆண்டுகள் விரலில் கிடந்த கண்ணாடியின் விளிம்புகள் மழுங்கிப் போயிருக்கும், மேல்முகம் முழுக்கக் கீறலாக இருக்கும். நம் மோதிரத்தின் தங்கம் தேய்ந்திருக்கிறது, கல்லின் விளிம்புகளோ நேற்றுத் தீட்டியதுபோல் கூர்மையாக இருக்கின்றன. கண்ணாடி இல்லை என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம்.

கல்லை உதட்டில் வைத்துப் பார்க்கும் பழைய வழக்கமும் அர்த்தமுள்ளதே. குருந்தம் வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் சில்லென்று இருக்கும். கண்ணாடி சீக்கிரம் சூடேறிவிடும்.

அடுத்து, கார்னெட்டையும் ஸ்பினெலையும் கழிக்க வேண்டும். இதற்கு ஒரு போலராய்டு குளிர்க்கண்ணாடி போதும். கல்லுக்குப் பின்னால் வெள்ளை வெளிச்சம் இருக்கட்டும். குளிர்க்கண்ணாடியின் ஒரு வில்லையைக் கல்லுக்கு முன்னால் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். குருந்தம் தனக்குள் நுழையும் ஒளியை இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் வெவ்வேறு நிறம் கொடுக்கும். இதை ஈர்நிறம் என்று சொல்லலாம். வில்லை சுழலச் சுழல மாணிக்கத்தின் நிறம் ஊதா கலந்த சிவப்புக்கும் செம்மஞ்சள் கலந்த சிவப்புக்கும் இடையே மாறும். ஸ்பினெல், கார்னெட், கண்ணாடி மூன்றிலும் எத்தனை முறை சுழற்றினாலும் ஒரே சிவப்புதான். குருந்தத்திலும் ஒரு திசையில் மட்டும் இந்த மாற்றம் தெரியாது. அதனால் கல்லைப் பல பக்கமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

நம் கல்லில் நிறம் மாறுகிறது. குருந்தம்தான்.

இந்த இடத்தில் பல குடும்பங்கள் சந்தோஷமாக நின்றுவிடுகின்றன. "டெஸ்ட் பண்ணியாச்சு, அசல் மாணிக்கம்." அதற்குமேல் உறுதி வேண்டும் என்றால் பாலில் போட்டுப் பார்ப்பார்கள், பால் சிவந்து தெரியும். இப்போது புற ஊதா விளக்கும் மலிவாகக் கிடைக்கிறது, இருட்டில் அதைக் காட்டினால் கல் கனன்று ஒளிரும். இரண்டு சோதனையும் நம்மை ஏமாற்றிவிடும். சிவப்பான, தெளிவான எந்தக் கல்லும் பாலில் சிவப்பைப் பரப்பும். புற ஊதாவில் ஒளிர்வதோ குரோமியத்தின் குணம், அந்தக் குரோமியம் எங்கிருந்து வந்தாலும் ஒளிரும். சொல்லப்போனால் தொழிற்சாலை மாணிக்கம்தான் இன்னும் பிரகாசமாக ஒளிரும். கல்லுக்குள் இரும்பு இருந்தால் இந்த ஒளிர்வு மங்கும், தொழிற்சாலைக் கல்லில் இரும்பு கிட்டத்தட்டக் கிடையாது. தாய்லாந்துச் சுரங்கத்திலிருந்து வந்த இயற்கைக் கல் இரும்பு நிறைந்தது என்பதால் அரைகுறையாகத்தான் ஒளிரும். அதிகம் ஒளிர்வதை அசல் என்று நினைத்தால் மண்ணிலிருந்து வந்ததைத் தள்ளிவிட்டு உலையிலிருந்து வந்ததை வைத்துக்கொள்வோம்.

படிகாரத்திலிருந்து மாணிக்கம்

அந்தப் பேராசிரியரின் பெயர் ஒகுஸ்த் வெர்நுயில். குருந்தத்தை உருக்குவது எளிதில்லை, ஏறக்குறைய 2,050 டிகிரி செல்சியஸ் வேண்டும். அவ்வளவு சூட்டைத் தாங்கும் பாத்திரம் வேண்டும், அந்தப் பாத்திரத்தின் அழுக்கு கல்லில் கலந்துவிடவும் கூடாது. வெர்நுயில் பாத்திரமே இல்லாமல் செய்தார். நான் படித்த தொழில்நுட்பங்களில் இவ்வளவு எளிமையான, இவ்வளவு அழகான இன்னொன்று நினைவுக்கு வரவில்லை.

அம்மோனியா சேர்ந்த ஒருவகைப் படிகாரத்தைச் சுட்டால் மிக நுண்ணிய அலுமினிய ஆக்சைடுத் தூள் கிடைக்கும். அதில் கொஞ்சம் குரோமியம் சேர்ந்திருக்கும். இந்தத் தூளை மேலே ஒரு குப்பியில் வைத்து, சின்னச் சுத்தியல் ஒன்று அந்தக் குப்பியை விட்டு விட்டுத் தட்டும்படி அமைத்தார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிட்டிகைத் தூள் கீழே இறங்கும். கீழே ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எரியும் சுடர். அதன் வழியாக விழும்போதே தூள் உருகி, அடியில் நிறுத்தியிருக்கும் பீங்கான் தண்டின் நுனியில் துளித்துளியாக உட்கார்ந்து உறையும். கல் வளர வளரத் தண்டை மெல்லக் கீழே இறக்குவார்கள். அடி குறுகி, தலை அகன்று, மேல்முகம் உருண்டு நிற்கும் ஒரு படிகக் கட்டி சில மணி நேரத்தில் தயார். உள்ளே இறுக்கம் அதிகம் என்பதால் லேசாகத் தட்டினால் அது நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்துகொள்ளும். அப்படிப் பிளந்த பாதிகளைத்தான் பட்டை தீட்டுகிறவர்களுக்கு அனுப்பினார்கள்.

1907-இல் இந்த முறையில் உலகம் ஆண்டுக்கு 1,000 கிலோ மாணிக்கம் செய்துகொண்டிருந்தது. காரட் கணக்கில் 50 லட்சம். சுரங்கத்தையே நம்பியிருந்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! மொகோக்கில் தோண்டுவதற்காக 1889-இல் லண்டனில் தொடங்கிய பர்மா ரூபி மைன்ஸ் நிறுவனம் பின்னாளில் நொடித்துப்போனதற்குச் செயற்கைக் கல்லின் வரவும் ஒரு காரணம்.

இந்தக் கல்லைப் 'போலி' என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. கண்ணாடியைச் சிவப்பாக்கி மாணிக்கம் என்று விற்றால் அது போலி. இதுவோ அணுவுக்கு அணு மாணிக்கம். கடினம், எடை, ஈர்நிறம் எதிலும் வித்தியாசம் இல்லை. வேறுபடுவது ஒன்றே ஒன்று: வளர்ந்த விதம்.

வளைந்த வரி

நம் மோதிரத்துக்கு வருவோம். கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மோதிரத்தை அமிழ்த்துங்கள். குழந்தைகளுக்குத் தடவும் தெளிவான எண்ணெய் இருந்தால் இன்னும் நல்லது. காற்றில் இருக்கும்போது பட்டைகளின் மினுக்கம் கண்ணை மறைக்கும். திரவத்துக்குள் அது அடங்கிவிடும், கல்லின் உள்ளே பார்வை போகும். கிண்ணத்துக்குக் கீழே வெள்ளைத் தாள், அதற்கும் கீழே விளக்கு. இப்போது லூப்பில் கண்ணை வையுங்கள்.

முதலில் ஒன்றும் தெரியாது. சிவப்பு மட்டும். மோதிரத்தை மெல்லச் சாயுங்கள், இன்னும் கொஞ்சம் திருப்புங்கள். ஏதோ ஒரு கோணத்தில், சிவப்புக்குள் கொஞ்சம் அடர்ந்த சிவப்பாக, மயிரிழை போன்ற கோடுகள் வரிசையாகத் தெரியத் தொடங்கும். ஒன்றுக்கொன்று இணையாக, நெருக்கமாக, எல்லாம் ஒரே பக்கமாக வளைந்து. படிகம் வளரும்போது விட்டுச்சென்ற தடங்கள் இவை, வளர்வரிகள் எனலாம்.

ஏன் வளைகின்றன? சுடருக்குக் கீழே வளர்ந்த கட்டியின் தலை உருண்டையாக இருந்தது நினைவிருக்கும். சுத்தியல் தட்டும்போதெல்லாம் விழுந்த தூள் அந்த உருண்டைத் தலையின்மேல் ஒரு மெல்லிய படலமாக உறைந்தது. சில படலங்களில் குரோமியம் ஒரு துளி அதிகம், சிலவற்றில் குறைவு. கவிழ்த்து அடுக்கிய கிண்ணங்களைப் பக்கவாட்டில் வெட்டினால் வெட்டு முகத்தில் வில் வில்லாகத் தெரியுமல்லவா, அதேபோல் பட்டை தீட்டிய கல்லில் இந்தப் படலங்கள் வில் கோடுகளாகத் தெரிகின்றன. பாரிஸிலோ சுவிட்சர்லாந்திலோ ஒரு சின்னச் சுத்தியல் தட்டிய தாளம், நூறு ஆண்டு கழித்துப் பொங்கோலில் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் தெரிகிறது.

பட்டை தீட்டும்போது விழுந்த கோடுகளை வளர்வரி என்று நினைத்துவிடக் கூடாது. தீட்டிய கோடு ஒரு பட்டையின் விளிம்போடு நின்றுவிடும், பக்கத்துப் பட்டையில் வேறு திசையில் ஓடும். வளர்வரி கல்லுக்குள்ளே இருப்பதால் பட்டை விளிம்பைப் பொருட்படுத்தாமல் கடந்து போகும். லூப்பை மேல்முகத்தில் பொருத்திவிட்டு, பிறகு கொஞ்சம் ஆழத்துக்குக் குவியத்தை இறக்கிப் பார்த்தால் எது மேலே, எது உள்ளே என்பது புரிந்துவிடும்.

நம் கல்லின் ஓரத்தில் இன்னொரு சாட்சியும் கிடைக்கிறது: இரண்டு மூன்று நுண்ணிய காற்றுக் குமிழ்கள், ஒன்று உருண்டையாக, மற்றவை ஒரு பக்கம் இழுபட்டு நீண்டு. உருகிய பொருளில் சிக்கிய வாயு அது. மண்ணுக்கு அடியில் வளர்ந்த குருந்தத்தில் இப்படி வட்டமான காற்றுக் குமிழ் இருக்க வழியில்லை. இரண்டும் சேர்ந்து இருக்கும்போது சந்தேகத்துக்கு இடமில்லை, கல் உலையில் பிறந்தது. கோடும் குமிழும் தெரியவில்லை என்றால் இயற்கைக் கல் என்று முடிவுகட்டிவிட முடியாது. சில செயற்கைக் கற்களில் அவை மிக மங்கலாக இருக்கும், அப்போது கல் பரிசோதனைக் கூடத்தின் நுண்ணோக்கிதான் பேச வேண்டும்.

குற்றம் உள்ள கல்

மொகோக்கிலிருந்து வந்த கல்லாக இருந்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்?

இந்தியத் துணைக்கண்டம் ஆசியாவோடு மோதி இமயமலை எழுந்த காலத்தில், பல கோடி ஆண்டுகளுக்கு முன், சுண்ணாம்புப் பாறைகள் அழுத்தத்தாலும் சூட்டாலும் பளிங்காக மாறின. அந்தப் பளிங்குக்குள் வளர்ந்தவை பர்மா மாணிக்கங்கள். பளிங்கில் இரும்பு குறைவு, அதனால்தான் அவற்றின் கனல் அவ்வளவு தெளிவு. இலங்கை ரத்தினபுரியின் நீலக்கற்கள் இன்னும் மூத்தவை, அவற்றின் வயது ஏறக்குறைய 55 கோடி ஆண்டு. நம் நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டிப் பாறையிலும் சிவப்புக் குருந்தம் இருக்கிறது, பெரும்பாலும் ஒளி புகாத கல்லாக.

மண்ணுக்கடியில் படிகத்துக்கு அவசரமில்லை. அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து தட்டையான முகங்களில் ஒழுங்காக உட்காருகின்றன. எனவே இயற்கைக் கல்லின் வளர்வரிகள் நேராக இருக்கும், ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் 120 டிகிரிக்கு மடங்கும். கூடவே, வளரும்போது அக்கம்பக்கத்தில் இருந்ததையெல்லாம் கல் தனக்குள் அடைத்துக்கொள்ளும். இப்படி உள்ளே சிக்கியவற்றை உள்பொதிவு என்போம். டைட்டேனியம் ஆக்சைடின் நுண்ணிய ஊசிகள் மூன்று திசைகளில் 60 டிகிரியில் பின்னிக் கிடக்கும், நகைத் தொழிலில் இதைப் பட்டு என்கிறார்கள். குட்டிக் குட்டியாக வேறு கனிமங்களின் படிகங்கள் இருக்கும். எப்போதோ விரிசல் விட்டு, பிறகு கல்லே ஆற்றிக்கொண்ட காயங்கள், உள்ளே திரவத் துளிகளோடு, கைரேகை போலத் தெரியும்.

நம் ஊரில் கல் வாங்குகிறவர்கள் புள்ளி இருக்கிறதா, ரேகை இருக்கிறதா, நீரோட்டம் சரியா என்றெல்லாம் பார்த்து, குற்றமில்லாத கல்லைத் தேடுவார்கள். தோஷம் உள்ள கல் வீட்டுக்கு ஆகாது என்ற பயமும் உண்டு. அந்தத் தேடலுக்கு வெர்நுயிலின் உலை முழு மனசோடு பதில் கொடுத்தது: பெரிய, தெளிவான, மாசு மறுவற்ற சிவப்புக் கற்கள், குறைந்த விலைக்கு. இன்று நிலைமை தலைகீழ். பழைய மோதிரத்தில் பெரிதாக, மிகத் தெளிவாக ஒரு மாணிக்கம் இருந்தால் அதைத்தான் வல்லுநர் முதலில் சந்தேகிப்பார். பட்டு கலைந்த நிலையில் இருந்தால், கல்லைக் கடுமையாகச் சூடாக்கி நிறத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்றும் ஊகிப்பார், ஏனென்றால் அந்த ஊசிகள் உலைச் சூட்டில் கரையக்கூடியவை. இலங்கையின் வெளிறிய கற்களைத் தாய்லாந்து உலைகளில் சுட்டு நீலமாக்கும் தொழில் 1970-களில் பெருகியது. பட்டு கலையாத நீலக்கல் ஒன்று உங்கள் வீட்டுப் பழைய மோதிரத்தில் இருந்தால், தயவுசெய்து அதைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கல்லைக் கழித்து எடை போடச் சம்மதித்துவிடாதீர்கள்.

கல் சொல்லும் தேதி

நம் கல் இயற்கையானதல்ல என்று தெரிந்ததும் வீட்டில் முகம் வாடும். எனக்கென்னவோ இந்த இடத்தில்தான் மோதிரம் சுவாரசியமாகிறது. ஏனென்றால் இயற்கைக் கல்லால் மோதிரத்தின் வயதைச் சொல்ல முடியாது. கோடி ஆண்டுக் கல்லை நேற்றும் கட்டியிருக்கலாம், நூறு வருஷம் முன்பும் கட்டியிருக்கலாம். உலைக்கல் தேதி சொல்லும். இப்படி வளைந்த வரியுள்ள மாணிக்கம் 1902-க்கு முன் நகைக்கடைக்கு வந்திருப்பது மிக அரிது. நீலக்கல்லை இதே முறையில் செய்யக் கற்றுக்கொண்டது இன்னும் சில ஆண்டு கழித்து, 1910-ஐ ஒட்டி. ஒளியில் ஆறு கதிர் நட்சத்திரம் தெரியும் செயற்கைக் கல் என்றால் 1947-க்குப் பிறகு. "எங்க கொள்ளுப்பாட்டி 1890-லேயே போட்டிருந்தது" என்ற கதையோடு வளைந்த வரியுள்ள கல் வந்தால், பெரும்பாலும் ஒன்று கதை தவறு, அல்லது இடையில் யாரோ கல்லை மாற்றியிருக்கிறார்கள்.

பெரிய தாத்தா ஏமாந்தாரா? அப்படிச் சொல்ல முடியாது. 1920-களில், 30-களில் ஐரோப்பாவின் நாகரிக நகைகளிலேயே உண்மையான வைரங்களுக்குப் பக்கத்தில் செயற்கை மாணிக்கத்தையும் நீலத்தையும் அளவாக வெட்டி வரிசையாகப் பதித்தார்கள். ஒரே நிறத்தில் ஒரே அளவில் கற்கள் வேண்டும் என்றால் உலையில்தான் கிடைக்கும். அன்று அது நாணத்துக்குரியதாக இல்லை, புதுமையாக இருந்தது. மறுபக்கம், சுரங்க ஊர்களிலேயே செயற்கைக் கல்லைச் சரளையோடு கலந்து விற்றவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் திருச்சி வட்டாரத்தில் செயற்கைக் கல்லைப் பட்டை தீட்டுவது கிராமம் கிராமமாகப் பரவிய குடிசைத் தொழில், பல்லாயிரம் கைகள் அதில் பிழைத்தன. நம் கல் ரங்கூனில் வாங்கியதாகவும் இருக்கலாம், திருச்சியில் தீட்டிச் சிங்கப்பூருக்கு வந்ததாகவும் இருக்கலாம். வளைந்த வரிக்கு ஊர் தெரியாது, உலை மட்டுமே தெரியும்.

நகைக்கடைக்காரரின் பக்கமும் இப்போது புரிந்திருக்கும். அவர் தங்கத்தை நிமிடத்தில் சோதித்துவிடுவார். கல்லுக்கு மேலே சொன்ன அத்தனையும் செய்ய வேண்டும், கடைசியில் பரிசோதனைக் கூடத்துக்கும் அனுப்ப வேண்டும். பழைய மோதிரங்களில் வரும் சிவப்புக் கற்களில் பல உலைக்கற்கள் என்பது அனுபவத்தில் தெரிந்த விஷயம். ஒவ்வொன்றாகப் பார்க்க நேரமில்லாதவர் எல்லாவற்றையும் கழிக்கிறார். இடையில் ஒரு நல்ல கல் வந்தாலும் அதுவும் காகிதத்தில் மடிந்து போகும். பார்க்க வேண்டியது நாம்.

ஆசாரியிடம் கொடுக்கும் முன்

பெரும்பாலான பழைய மோதிரங்கள் விற்பனைக்குப் போவதில்லை, அளவு மாற்றத்தான் போகின்றன. பாட்டியின் விரலுக்குச் செய்தது பேத்திக்குச் சேராது. பொங்கோலில் வடகிழக்கு ரயில் ஏறினால் வண்டி மாறாமல் பத்தாவது நிலையம் லிட்டில் இந்தியா, சிராங்கூன் சாலையிலும் பஃபலோ சாலையிலும் நகைக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. வளையத்தை வெட்டி, துண்டு தங்கம் சேர்த்து, பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பார்கள்.

அந்த நெருப்பில் கல்லும் சேர்ந்து காய்ந்தால் இரண்டு ஆபத்து. இயற்கைக் கல்லுக்குள் இருக்கும் திரவத் துளிகள் சூட்டில் விரிந்து கல்லைப் பிளக்கலாம். உலைக்கல்லில் அந்தத் துளிகள் இல்லை, இந்த வகையில் அது தப்பித்துக்கொள்ளும். இரண்டாவது ஆபத்து இரண்டுக்கும் பொது. பொடி நன்றாக ஓடுவதற்காகத் தடவும் வெங்காரம், சூட்டில் உருகி ஓடும்போது குருந்தத்தையே கொஞ்சம் கரைத்துவிடும். ஒரு முறை கரைந்த பட்டை பளபளப்பை இழந்து அரிக்கப்பட்டதுபோல் ஆகிவிடும், துடைத்தால் போகாது. மறுபடி தீட்டினால் பளபளப்பு திரும்பும், கல்லின் எடை குறையும். 2000-களில் சந்தைக்கு வந்த, விரிசலில் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கங்கள் என்றால் நிலைமை இன்னும் மோசம், அந்தக் கண்ணாடி நெருப்பில் உருகி வெளியே வந்துவிடும்.

அதனால் மோதிரத்தை நீட்டும்போதே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, கல்லைக் கழட்டிட்டு ஊதுங்க, அப்புறம் கட்டிக்கலாம்." கூலி கொஞ்சம் கூடும். கல் வெளியே இருக்கும் அந்தச் சமயத்தில் ஒரு நிமிடம் கேட்டு வாங்கி, கட்டின் மறைப்பு எதுவும் இல்லாமல், எல்லாப் பக்கமும் லூப்பில் பார்த்துவிடுங்கள். வரிகள் நேரா, வளைவா என்று அப்போது தெரிவதுபோல் வேறு எப்போதும் தெரியாது.